கொக்கியில் 750, மீதியில் என்ன? மூன்று முத்திரை கொண்ட ஒரு சங்கிலியின் நிகழ்வு ஆய்வு

தங்கத்தின் மாற்றை, அதாவது சுத்தத்தின் அளவை, சோதித்துச் சொல்லும் என் மேசைக்கு வந்தது ஒரு சங்கிலி, அதில் தொங்கும் ஒரு லாக்கெட், கூடவே மடித்து மடித்துக் கசங்கிய இரண்டு தாள்கள். கொண்டுவந்தவர்கள் அக்காவும் தம்பியும். அம்மா காலமாகி ஓராண்டு கழித்து நகைகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சேர்ந்துதான் வந்தார்கள், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

முதல் தாள் தம்பி போட்ட கணக்கு. மொத்த எடை 38.62 கிராம். கொக்கியில் 750 என்று அடித்திருக்கிறது. 750 என்றால் ஆயிரத்தில் 750 பங்கு தங்கம், அதாவது 18 காரட். 38.62ஐ 0.750ஆல் பெருக்கினால் 28.965 கிராம் சுத்தத் தங்கம். சங்கிலி அக்காவுக்கு என்று முடிவாகி, அதில் பாதித் தங்கத்துக்கான தொகையை அக்கா தம்பிக்குக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது தாள் சில மாதங்களுக்குப் பின் வந்தது. சங்கிலியை அழித்து வேறு நகை செய்யலாம் என்று அக்கா ஒரு இடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே பார்த்தவர் மூன்றே வரி எழுதிக் கொடுத்திருந்தார். சங்கிலி: முலாம். லாக்கெட்: வெள்ளி, மேலே தங்க முலாம். கொக்கி: சந்தேகம், காந்தம் இழுக்கிறது.

"லென்ஸ் வச்சு நானே பார்த்தேன் அண்ணே. 750ன்னு பளிச்சுன்னு அடிச்சிருக்கு. ஒரே நகைதானே, கொக்கி ஒண்ணு சங்கிலி ஒண்ணாவா இருக்கும்?" என்றார் தம்பி.

அக்கா என்னிடம் பேசுவதுபோலத் தம்பியிடம் பேசினார். "அப்ப இத்தனை வருஷமா அம்மா கவரிங்கையா கழுத்துல போட்டுக்கிட்டு இருந்தாங்க?"

இருவரும் சொன்னது தவறு. இரண்டு தாள்களும் தவறு. ஆனால் அந்த நகையில் இருந்த எந்த முத்திரையும் பொய் சொல்லவில்லை. இந்த நிகழ்வை எழுதிவைக்கத் தோன்றியதற்குக் காரணமே அதுதான். போலி முத்திரையால் ஏமாந்த கதைகள் நிறைய உண்டு. உண்மையான முத்திரைகளை வைத்துக்கொண்டே ஒரு குடும்பம் இரண்டு பக்கமும் தப்பாகப் போன கதை இது.

படித்தது

கருவியைத் தொடும் முன் கண்ணால் படித்துவிடுவது என் வழக்கம். கருவி ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் அப்புறம் கண் அந்த எண்ணுக்கு ஏற்றபடிதான் பார்க்கும். ஆகவே முதலில் வெந்நீரில் ஒரு சொட்டு சோப்பு, மென்மையான பிரஷ், பிறகு 10 மடங்கு பெருக்கும் லென்ஸ். முத்திரையின் பள்ளத்தில் ஐம்பது வருட அழுக்கு உட்கார்ந்திருந்தால் 3 என்பது 8 ஆகத் தெரியும்.

கொக்கியில் 750 இருந்தது. தெளிவாக, கூர்மையாக. ஆனால் அதைச் சுற்றி வேறு எதுவுமே இல்லை. செய்தவர் அடையாளம் இல்லை, சோதித்த நிலையத்தின் அடையாளம் இல்லை, நாட்டுச் சின்னம் இல்லை. வெறும் மூன்று இலக்கம். கொக்கி சேரும் கண்ணியில் பற்றவைப்பு மற்ற கண்ணிகளைவிட வெளிறிய மஞ்சளாக இருந்தது. அதாவது அந்தக் கொக்கி சங்கிலியோடு பிறந்ததல்ல. பழைய கொக்கி தேய்ந்தோ ஒடிந்தோ போன பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள். தினமும் மாட்டிக் கழற்றும் இடம் என்பதால் ஒரு சங்கிலியில் முதலில் சாவது கொக்கிதான். பழுது பார்ப்பவர் கையில் எது இருக்கிறதோ அதைப் போடுவார். சங்கிலி என்ன மாற்று என்று யோசித்துப் போடுபவர்கள் உண்டு, யோசிக்காதவர்களும் உண்டு.

காந்தம் இழுத்த விஷயம் எளிது. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, உண்மைதான். ஆனால் இந்த மாதிரி வளையக் கொக்கிக்குள் நாக்கைத் தள்ளி மூட ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும், அது எஃகு. தங்கத்தில் ஸ்பிரிங் செய்தால் நாலு நாளில் தளர்ந்துவிடும். கொக்கியைக் காந்தம் மெல்ல இழுத்தால் பதற வேண்டியதில்லை. சங்கிலியையே இழுத்தால் பதறலாம்.

சங்கிலியின் மறுமுனையில், கடைசிக் கண்ணியோடு ஒட்டிய அரிசியளவு தகடு ஒன்று. இதைத் தம்பி பார்க்கவே இல்லை. அழுக்கு நீங்கியதும் தெரிந்தது: 14 என்ற எண், அதன் பின் ஆங்கில எழுத்துகள் கே, பி. தகட்டின் பின்பக்கம் மிகச் சிறிதாக ஒரு வணிகச் சின்னம். இரண்டாவது தாளை எழுதியவர் தடுக்கி விழுந்த இடம் இது. பி என்றால் பிளேட்டிங், ஆகவே முலாம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இந்தத் தவறைச் செய்பவர்கள் ஏராளம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். காரட்டைக் குறிக்கும் கே எழுத்தை ஒட்டி வரும் இந்த பி, 'பிளம்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தொங்கவிடும் தூக்குக்குண்டுக்கும் அதே பெயர்தான். நேர், துல்லியம் என்ற பொருளில் நகைக்கு வந்தது. அமெரிக்காவில் 1906ஆம் ஆண்டு வந்த முத்திரைச் சட்டம் செய்பவருக்கு நிறையவே சலுகை கொடுத்தது. தங்க நகை சொன்ன மாற்றைவிட அரைக் காரட் வரை குறையலாம், பற்றவைப்பையும் சேர்த்துச் சோதித்தால் ஒரு காரட் வரை குறையலாம். அதாவது 14 என்று அடித்த சங்கிலி உருக்கிப் பார்த்தால் 13 காரட்டாக இருந்தாலும் சட்டப்படி குற்றமில்லை. அந்தச் சலுகையைப் பயன்படுத்தாதவர்கள், 'நான் அடித்தது 14 என்றால் உள்ளே இருப்பதும் 14தான்' என்று காட்டத்தான் அந்த பி எழுத்தைச் சேர்த்தார்கள். பிறகு 1976இல் சட்டம் திருத்தப்பட்டு, 1981 முதல் அந்தச் சலுகை ஆயிரத்தில் 3 பங்காகவும், பற்றவைப்போடு சேர்த்து 7 பங்காகவும் சுருங்கியது. ஆக, கூடுதல் நேர்மையைக் காட்ட அடித்த எழுத்து, படிப்பவர் கண்ணில் முலாம் ஆகிவிட்டது.

முலாமுக்கு வேறு எழுத்துகள் உண்டு. தங்க முலாம் என்றால் ஜிபி, கனத்த மின்முலாம் என்றால் எச்ஜிஇ, உருட்டி ஒட்டிய தகடு என்றால் ஆர்ஜிபி, தங்கத் தகடு போர்த்தியது என்றால் ஜிஎஃப். இந்தக் கடைசி வகையில் பெரும்பாலும் முன்னால் ஒரு பின்னம் இருக்கும். இருபதில் ஒன்று, 14 காரட், ஜிஎஃப் என்று அடித்திருந்தால் மொத்த எடையில் இருபதில் ஒரு பங்குதான் 14 காரட் தகடு, மற்றது பித்தளை அல்லது வேறு மலிவு உலோகம். சுத்தத் தங்கமாகக் கணக்கிட்டால் ஆயிரத்தில் 29 பங்கு தேறும். 14 என்ற எண்ணை மட்டும் பார்த்து ஆயிரத்தில் 585 பங்கு தங்கம் என்று நினைத்தவருக்கு இது பெரிய பள்ளம். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைத் தேய்ந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. விற்பவருக்கு வசதியாக அந்த எழுத்து மட்டும் தேய்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

நீரில் நிறுத்தது

பி என்பது முலாம் இல்லை என்று நான் சொன்னதும் அக்கா நம்பவில்லை. நம்ப வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. நான் வேறு ஒரு வாய், அவ்வளவுதான்.

காரட் மீட்டர் என்று பலரும் சொல்லும் எக்ஸ்-கதிர் கருவியில் முதலில் வைத்தால் அவருக்குத் திருப்தியாக இருந்திருக்கும். ஆனால் அந்தக் கருவி மேல்தோலைத்தான் பார்க்கிறது. தங்கத்துக்குள் அது எட்டும் ஆழம் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. கனமான தகடு போர்த்திய நகையை அதில் வைத்தால் போர்வையின் மாற்றைக் காட்டும், உள்ளே பித்தளை இருப்பது அதற்குத் தெரியாது. நமக்கு இருக்கும் கேள்வியே 'உள்ளே என்ன' என்பது. ஆகவே தண்ணீர்.

லாக்கெட்டைக் கழற்றினேன். கொக்கியையும் அதன் வளையத்தோடு தனியே எடுத்தேன். மூன்றையும் தனித்தனியாக நிறுத்தால் சங்கிலி 24.18 கிராம், கொக்கி 1.26, லாக்கெட் 13.18. கூட்டினால் அதே 38.62. தம்பி தன் தாளில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டுத் தலையாட்டினார்.

சங்கிலியை சோப்பு கலந்த நீரில் சில நிமிடம் கொதிக்கவிட்டேன். கண்ணிகளுக்கு இடையில் ஒட்டிக்கொள்ளும் காற்றுக்குமிழிகள் போகாவிட்டால் எண் பொய்த்துவிடும். குமிழி சங்கிலியைத் தூக்கிப் பிடிக்கும், தங்கம் தன்னைவிட லேசானதாக வேஷம் போடும். ஆறியதும் நூலில் கட்டி, தராசின் அடிக்கொக்கியில் தொங்கவிட்டு, பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருக்குள் முழுக்க இறக்கினேன். 22.33 கிராம் காட்டியது.

காற்றில் 24.18, நீரில் 22.33. இழந்தது 1.85. எடையை இழப்பால் வகுத்தால் 13.07. அதுதான் அந்த உலோகத்தின் ஒப்படர்த்தி, அதாவது அதே கன அளவு நீரைவிட அது எத்தனை மடங்கு எடை என்பது.

அக்காவிடம் காகிதத்தைத் திருப்பி வைத்து மூன்று எண்களையும் எழுதிக் காட்டினேன். சுத்தத் தங்கம் 19.3. 18 காரட் மஞ்சள் தங்கம் 15.5 அளவில் நிற்கும், அப்படியென்றால் நீரில் 1.56 கிராம்தான் இழந்திருக்கும். உள்ளே பித்தளை என்றால் அடர்த்தி 8.6ஐச் சுற்றி, இழப்பு 2.8 கிராம் வந்திருக்கும். 14 காரட் மஞ்சள் தங்கம் 13ஐ ஒட்டி வரும். வந்திருப்பது 13.07. தம்பி சொன்ன 18ம் இல்லை, அந்தத் தாள் சொன்ன முலாமும் இல்லை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. கண்ணி உள்ளீடற்றதாக இருந்தால், கல் பதித்திருந்தால், உள்ளே அரக்கு இருந்தால் இது உதவாது. டங்ஸ்டனின் அடர்த்தி தங்கத்துக்கு மிக அருகில், 19.25. அதனால் சுத்தத் தங்கக் கட்டிகளில் இதை மட்டும் நம்பினால் மோசம் போகலாம். ஆனால் கெட்டியான, கல்லில்லாத, ஒரே உலோகச் சங்கிலிக்கு இதைவிட மலிவான நேர்மையான சாட்சி கிடையாது.

பிறகுதான் உரைகல். உள்பக்கமாக, கண்ணில் படாத ஒரு கண்ணியில் மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, புது உலோகம் தெரிந்த இடத்தைக் கல்லில் உரசினேன். பக்கத்தில் 14 காரட் மாற்றூசியின் (மாற்று தெரிந்த, ஒப்பிட்டுப் பார்க்கும் ஊசி) கோடு, அதற்கடுத்து 18 காரட் ஊசியின் கோடு. மூன்றின் மீதும் 14 காரட் ஆசிட்டை இழுத்தால் மூன்றும் நின்றன. துடைத்துவிட்டுப் புதுக்கோடுகள் போட்டு 18 காரட் ஆசிட்டை இழுத்தபோது சங்கிலியின் கோடும் 14 ஊசியின் கோடும் சேர்ந்தே மங்கின. 18 மட்டும் தங்கியது. அக்கா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசியாகக் கருவி. அரம் படாத மேற்பரப்பில் 598 காட்டியது, அரம் பட்ட இடத்தில் 586. இந்த வித்தியாசம் கலப்படமல்ல. செய்து முடித்த நகையை ஆசிட்டில் போட்டுக் கழுவும்போது மேலாக இருக்கும் செம்பு கொஞ்சம் கரைந்து போய்விடும், தோலில் தங்கத்தின் பங்கு கூடிவிடும். அரம் போடாமல் கருவியில் மட்டும் வைத்து வாங்கும் சான்றுத் தாளில் இந்தத் தோலின் கதைதான் இருக்கும்.

14 காரட்டை 24ஆல் வகுத்தால் 583.3 அல்லவா, 585 எங்கிருந்து வந்தது என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. 22ஐ வகுத்தால் 916.67, அது 916 என்றே நிற்கிறது. 18க்கு 750, 9க்கு 375, இரண்டும் சரியாக வரும். 14க்கு மட்டும் பொதுவான தரமாகச் சற்றுக் கூடுதலான 585 நிலைத்துவிட்டது. 583 என்று அடித்த நகையும் உண்டு, பெரும்பாலும் சோவியத் காலத்தது. அதற்கும் முந்தைய ரஷ்ய நகையில் 56 என்றே இருக்கும். அங்கே கணக்கு 24க்கு இல்லை, 96க்கு. 56ஐ 96ஆல் வகுத்தால் அதே 583. 56 என்பதைப் பார்த்துக் குப்பை என்று ஒதுக்கியவர்களை நான் அறிவேன்.

லாக்கெட்

லாக்கெட்டை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். பழைய பொருள்களைப் படிக்கும் சுகம் தனி.

பின்மூடியின் உட்புறம் வரிசையாகச் சின்னச் சின்ன முத்திரைகள். முதலில் இரண்டு எழுத்து, தேய்ந்தது, செய்தவர் அடையாளம். அடுத்தது ஒரு நங்கூரம். அப்புறம் 15. அதன் பக்கத்தில் புள்ளியோடு 625. கடைசியில் ஓர் ஒற்றை எழுத்து இருந்திருக்க வேண்டும், கட்டத்தின் விளிம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. இரண்டாவது தாளை எழுதியவர் தேய்ந்த 6ஐ 9 என்று படித்திருக்கிறார். 925 என்றால் ஸ்டெர்லிங் வெள்ளி. மஞ்சளாக இருக்கிறது, 925 என்று அடித்திருக்கிறது, ஆகவே முலாம் பூசிய வெள்ளி. அவருடைய தர்க்கத்தில் ஓட்டை இல்லை, வாசிப்பில்தான் ஓட்டை. பக்கத்தில் இருந்த 15ஐ அவர் ஏன் கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. வெள்ளிக்கு ஏது காரட்?

நங்கூரம் பிரிட்டனின் பர்மிங்காம் சோதனை நிலையத்தின் அடையாளம். 1773இல் தொடங்கிய நிலையம் அது. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, எடின்பரோவுக்குக் கோட்டை. 15 காரட் பிரிட்டனில் 1854இல் அனுமதிக்கப்பட்டது, 12 காரட்டும் 9 காரட்டும் அதே ஆண்டுதான். 1932இல் 15ஐயும் 12ஐயும் எடுத்துவிட்டு அவற்றுக்குப் பதிலாக 14ஐக் கொண்டுவந்தார்கள். ஆகவே ஆண்டைச் சொல்லும் எழுத்து அழிந்துபோயிருந்தாலும் லாக்கெட் 1854க்கும் 1932க்கும் இடைப்பட்டது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

"அம்மாவோட பாட்டி காலத்துதுன்னு சொல்லுவாங்க," என்றார் அக்கா. வந்ததிலிருந்து அப்போதுதான் முதல்முறையாக அவர் குரல் தணிந்தது.

இந்த இடத்தில்தான் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். நம் பேச்சில் நகையில் எந்த எண் இருந்தாலும் 'ஹால்மார்க்' என்று சொல்லிவிடுகிறோம். சங்கிலியின் தகட்டில் இருந்த 14 கேபி ஹால்மார்க் இல்லை. செய்தவரே தன் பொருளுக்குத் தானே கொடுத்த வாக்கு அது. பின்னால் தன் வணிகச் சின்னத்தையும் வைத்திருப்பதால் அந்த வாக்குக்குப் பொறுப்பாளி ஒருவர் இருக்கிறார், அந்த அளவில் அது மதிப்புள்ளது. அமெரிக்க முறை அப்படி: சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் இல்லை, மாற்றை அடித்தால் உன் சின்னத்தையும் சேர்த்து அடி என்பதுதான் சட்டம். லாக்கெட்டில் இருப்பது வேறு வகை. செய்தவருக்கும் வாங்குபவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் சோதித்துப் பார்த்து அடித்தது. சொல்லே அப்படித்தான் பிறந்தது. லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்துக்கு, 'ஹாலு'க்கு, 1478 வாக்கில் பொருள்களைக் கொண்டுவந்து சோதித்து முத்திரை வாங்க வேண்டும் என்றானது. ஹாலில் வாங்கிய மார்க்.

அந்த நங்கூரம் விழுவதற்கு முன் இதே லாக்கெட்டிலிருந்து கொஞ்சம் உலோகத்தைச் சுரண்டி எடுத்திருப்பார்கள். சுரண்டலைத் துல்லியமாக நிறுத்து, அளவாக வெள்ளி சேர்த்து, ஈயத் தாளில் பொதிந்து, எலும்புச் சாம்பலில் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சுவார்கள். ஈயம் ஆக்சைடாகிச் செம்பையும் மற்ற மட்ட உலோகங்களையும் கூட்டிக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிப்போகும். மிஞ்சுவது தங்கமும் வெள்ளியும் மட்டும் கலந்த மணி. அதைத் தட்டி, உருட்டி, சுருள் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் வெள்ளி கரைந்துவிடும். தங்கம் நிற்கும், பழுப்பு நிறத்தில், தொட்டால் நொறுங்கும் சருகாக. சூடாக்கினால் மஞ்சளுக்குத் திரும்பும். நிறுக்க வேண்டியது அதைத்தான். இன்றும் தகராறு வந்தால் கடைசித் தீர்ப்பு இந்த முறைக்குத்தான், எக்ஸ்-கதிர் கருவிக்கு இல்லை.

சோதனை நிலையத்தின் முத்திரையையும் திருடுவார்கள். சின்னப் பொருளில் முறையாக வாங்கிய முத்திரையை வெட்டி எடுத்துப் பெரிய பொருளில் பதித்துப் பற்றவைப்பது நூற்றாண்டுகள் பழைய வித்தை. அதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த எளிய வழி, முத்திரை மேல் வாயால் ஊதுவது. மூச்சின் ஈரம் படிந்து மங்கும்போது பற்றவைத்த கோடு இருந்தால் சுற்றுப்புறத்திலிருந்து தனித்துத் தெரியும். ஊதிப் பார்த்தேன். கோடு இல்லை. முத்திரையின் விளிம்புகளும் உளியால் அடித்ததற்கே உரிய கூர்மையோடு இருந்தன. அச்சு எடுத்து வார்த்த போலி முத்திரையில் விளிம்பு மழுங்கி, உள்ளே பொடிப்பொடிக் குழிகள் இருக்கும்.

லாக்கெட்டை நீரில் நிறுக்கவில்லை. உள்ளே இரண்டு கண்ணாடிச் சில்லுகள், அவற்றின் பின்னால் ஓரம் அரித்த ஒரு புகைப்படத் துண்டு. கண்ணாடியையும் படத்தையும் அக்காவே எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் வைத்தார். அவை 1.62 கிராம். மீதி தங்கம் 11.56 கிராம். சுரண்டவும் இல்லை. இவ்வளவு காலம் பிழைத்த பொருளில் எண்ணைத் துல்லியமாக்க ஒரு காயம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தேய்ந்து உள்மேனி தெரியும் மூன்று இடங்களில் கருவியை வைத்தேன், 627, 628, 626. முத்திரை சொன்ன 625 போதும் என்று எழுதிக்கொண்டேன். கொக்கியின் வளையத்தையும் அரம் போட்டுப் பார்த்தேன், 751. யாருடைய பெயரும் இல்லாத அந்த 750ம் பொய் இல்லை. ஆனால் அதன் பேச்சு செல்லுபடியாவது 1.26 கிராமுக்கு மட்டும்.

கணக்கு

சங்கிலி 24.18 கிராம், 585 மாற்று, சுத்தத் தங்கம் 14.145. கொக்கி 1.26 கிராம், 750 மாற்று, 0.945. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் எடையைக் கழிக்கக் கொக்கியை உடைக்க வேண்டும், அதனால் விட்டுவிட்டேன். லாக்கெட் 11.56 கிராம், 625 மாற்று, 7.225. மொத்தம் 22.315 கிராம்.

தம்பியின் தாளில் 28.965. வித்தியாசம் 6.65 கிராம் சுத்தத் தங்கம். அதில் பாதி, 3.325 கிராமுக்கான தொகையை அக்கா கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். இன்னொரு பக்கம், இரண்டாவது தாளை நம்பி வந்த விலைக்குத் தள்ளிவிட்டிருந்தால் கிட்டத்தட்ட முழுச் சங்கிலியும் போயிருக்கும்.

தம்பி காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். "நான் ஏமாத்தலைக்கா. 750ன்னுதான் போட்டிருந்துச்சு."

"தெரியுதுடா," என்றார் அக்கா.

"அடுத்து வாங்குறப்ப எதைப் பார்த்து வாங்கணும் அண்ணே?" என்று தம்பி என் பக்கம் திரும்பினார். நாட்டுக்கு நாடு வேறு என்று சொன்னேன். பிரான்சில் 18 காரட்டுக்குக் கழுகின் தலை, 1838 முதல். சுவிட்சர்லாந்தில் 1995 முதல் செயின்ட் பெர்னார்டு நாயின் தலை. பல நாடுகள் 1972இல் வியன்னாவில் செய்துகொண்ட உடன்படிக்கையில் இருப்பவை பொது முத்திரையாகத் தராசுப் படத்தை, நடுவில் மாற்றின் எண்ணோடு அடிக்கின்றன. இந்தியாவில் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் 2000இல் தொடங்கிய தங்க ஹால்மார்க்கில் இப்போது மூன்று அடையாளம்: பிஐஎஸ் சின்னம், 22கே916 போல மாற்று, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் கட்டாயமுள்ள நகையை அந்த ஆறு இலக்கம் இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. ஒவ்வொரு உருப்படிக்கும் தனி எண், செயலியில் போட்டால் விவரம் வரும். செயலி காட்டுவதும் கையில் இருப்பதும் ஒரே நகைதானா, வளையல் என்று காட்டிவிட்டுக் கையில் மோதிரம் இருக்கிறதா என்று பார்க்காமல் திருப்திப்பட்டுவிடுகிறவர்களும் உண்டு. கேடிஎம் என்ற எழுத்து காட்மியம் கலந்து பற்றவைத்தது என்பதைத்தான் சொல்லும், மாற்றைச் சொல்லாது. அந்தப் புகை பற்றவைப்பவரின் நுரையீரலுக்கு நஞ்சு என்பது வேறு கதை.

"எந்த ஊர் முத்திரையா இருந்தாலும் ரெண்டு கேள்வி கேளுங்க தம்பி. யார் அடிச்சது? எந்தத் துண்டுல அடிச்சது?" என்றேன். அவர் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

மூன்று துண்டுகளுக்கும் மூன்று வரி எழுதி, எந்த முறையில் சோதித்தேன், எங்கே அரம் போட்டேன் என்றும் குறித்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். சங்கிலியில் நீங்களே 585 என்று ஒரு சீல் அடித்துக் கொடுங்கள் என்று தம்பி கேட்டார். எனக்கு அந்த உரிமை இல்லை, நான் அடித்தால் அது இன்னொரு ஆளில்லாத எண் ஆகிவிடும் என்றேன்.

"அப்ப அந்தக் கொக்கியையாவது கழட்டிட்டு 14லயே ஒண்ணு போட்டுருங்க அண்ணே. நாளைக்கு இன்னொருத்தர் இதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்."

நான் கொக்கியை எடுத்தேன். அக்கா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். அவருக்குப் பத்து வயதிருக்கும்போது சங்கிலி அறுந்து விழுந்ததும், அம்மா இருட்டில் தரையைத் தடவித் தடவித் தேடியதும், பழைய கொக்கி கிடைக்காமல் மறுநாள் புதிதாக மாட்டிக்கொண்டு வந்ததும் அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்திருக்கிறது. இந்தக் கொக்கியையே மாட்டித் தாங்க என்றார். மாட்டிக் கொடுத்தேன்.